பெரியம்மாவின் போன் பறக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு கோ என்ற இயங்குதளத்தின் மேல் எனக்கு அப்படியொரு பிரியம். ஐயாயிரம் வெள்ளி போன் வேகமாக ஓடுவதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. அத்தனை காசு கொடுத்தால் ஓடத்தானே வேண்டும்? நானூறு வெள்ளிக்குள் வாங்கிய போன் ஒன்று, வெறும் 2 ஜிபி ராமை வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பைத் திறந்து, படத்தைக் காட்டி, பாட்டைப் போட்டு, கடிதத்தைத் தமிழில் படித்தும் காட்டுகிறதே, அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உள்ளம் துள்ளுகிறது. யாரோ சில பொறியாளர்கள் எங்கோ உட்கார்ந்து, காசு குறைந்தவனின் போனும் நன்றாக ஓட வேண்டும் என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்திருக்கிறார்கள். அந்த அக்கறைக்கு நான் ரசிகன்.

எனக்கு வீடு மலேசியாவின் கோலா குபு பாருவில், வேலை புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில். சொந்தபந்தம் எல்லாம் கெர்லிங், களும்பாங், பத்தாங் காலி என்று எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயில் பாதையை ஒட்டியே பரவிக் கிடக்கிறது. இன்னொரு கிளை கோலா சிலாங்கூர் பக்கம், புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தாமான் வீடுகளுக்கு மாறியவர்கள் பாதி. இன்னும் செம்பனைக்கு நடுவே லயத்தில் இருப்பவர்கள் மீதி. திருமணமோ திருவிழாவோ எங்கே போனாலும், சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே ஒரு ஹேண்ட்போன் என் கைக்கு வந்துவிடும். "ஐயா, இது என்னான்னு பாரேன், தொட்டா அசைய மாட்டேங்குது." எனக்கு அதில் சலிப்பே கிடையாது. ஆசையாக வாங்கிப் பார்ப்பேன்.

அந்தப் போன்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். மகனோ மகளோ பட்டணத்தில் புதுப்போன் வாங்கிக்கொண்டு, பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருப்பார்கள். ஒரு காலத்தில் நல்ல போன். அதற்கு மேல் வருஷா வருஷம் புதுப்பிப்பு என்று ஏறியது ஒரு பக்கம். தயாரிப்பாளர் தன் பங்குக்குத் திணித்த விளையாட்டுகள், கடைகள், கருப்பொருள்கள் இன்னொரு பக்கம். காலை வணக்கப் படங்கள், பிறந்தநாள் வீடியோ, கோயில் கும்பாபிஷேகப் படங்கள் என்று சொந்தக்காரர்கள் அனுப்பியது வேறு. கடைசியில் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு நிரந்தரமாக மேலே உட்கார்ந்துவிடும். ஒரு அழைப்பை எடுக்கவே நேரம் பிடிக்கும்.

எங்கள் ஊரின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இப்போதைய கோலா குபு பாரு அசல் ஊர் இல்லை. பழைய கோலா குபு ஆற்றோரத்தில் இருந்தது. 1883இல் அணை உடைந்து பெருவெள்ளம் வந்தது, மாவட்ட அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரரும் அதில் இறந்தார். அதன் பிறகும் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் இறங்கி இறங்கி, படிப்படியாக ஊரே மண்ணில் புதைய ஆரம்பித்தது. எவ்வளவு வாரினாலும் அடுத்த மழைக்கு மறுபடியும் மண். கடைசியில் மேட்டுநிலத்தில் புது ஊரை அமைக்க முடிவு செய்தார்கள். சார்லஸ் ரீட் என்ற நகரத் திட்டமிடுநர் தோட்ட நகரமாக வரைந்து கொடுத்தார். கடைத்தெரு இங்கே, வீடுகள் அங்கே, நடுவில் பசுமை என்று அளவாகக் கணக்குப் போட்ட சிறிய ஊர். இன்றைக்கும் பிரேசர் மலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி ஒரு தே தாரே குடித்துவிட்டு, "ஊர் என்ன அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். மண் மூடிய போன்களை வாரி வாரிப் பார்த்தவனுக்கு ஆண்ட்ராய்டு கோ அந்தப் புது ஊர் மாதிரி.

இந்த முயற்சி ஒரே நாளில் முளைத்ததும் இல்லை. 2013இல் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோதே, 512 எம்பி ராம் இருந்தாலும் போன் ஓட வேண்டும் என்று ‘பிராஜெக்ட் ஸ்வெல்ட்’ என்ற பெயரில் கூகுள் உடம்பைக் குறைக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது. 2014இல் ஆண்ட்ராய்டு ஒன். அதை மேடையில் அறிவித்தவர் நம் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அந்தச் செப்டம்பரில் இந்தியாவில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் முதல் போன்களை விட்டன. எண்ணம் அருமை. ஆனால் அங்கே இயங்குதளம் எல்லோருக்கும் உள்ள அதே எடையில் இருந்தது. இயங்குதளத்தின் எடையிலேயே கை வைத்தது 2017இல்தான். அந்த மே மாதம் கூகுளின் வருடாந்திர மாநாட்டில் ஆண்ட்ராய்டு கோ அறிவிக்கப்பட்டது, டிசம்பரில் ஆண்ட்ராய்டு 8.1 ஓரியோவின் கோ பதிப்பாக வெளியே வந்தது. 1 ஜிபியோ அதற்கும் குறைவாகவோ ராம் உள்ள போன்களுக்கென்றே செய்தது. முந்தைய நௌகட் பதிப்போடு ஒப்பிட்டால், இயங்குதளமும் அதோடு வரும் செயலிகளும் பிடிக்கும் இடம் ஏறக்குறைய பாதி.

2018 பிப்ரவரியில் பார்சலோனாவில் நோக்கியா 1 வந்தது. நான் ஆண்ட்ராய்டு கோவை முதலில் தொட்டது அந்தப் போனில்தான். அதை நினைத்தாலே இன்னும் எனக்கு முகம் மலர்கிறது. நாலரை அங்குலத் திரை, 1 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு. பின்மூடியைக் கழற்றி வேறு நிறத்தில் மாட்டலாம், பேட்டரியையும் கையாலேயே கழற்றலாம். தாளில் படித்தால் பரிதாபமான எண்கள். கையில் எடுத்தால் வேறு கதை. தட்டினால் திறந்தது, மூடினால் மூடியது, வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே வந்த படத்தைப் பார்த்தால் பேச்சு அறுபடவில்லை. அந்த விலையில் அதுவரை நான் தொட்ட எந்தப் போனும் அப்படி நடந்துகொண்டதில்லை. இதைவிடப் பெரிய ஆச்சரியம் பிறகு வந்தது. அந்தக் குட்டிப் போனுக்கு ஆண்ட்ராய்டு 9 வந்தது, 2020இல் ஆண்ட்ராய்டு 10உம் வந்தது. மலிவுப் போனை வாங்கினால் பெட்டியில் வந்ததோடு கதை முடிந்தது என்று பழகிப்போன எங்களுக்கு, இரண்டு பெரிய புதுப்பிப்புகள்! அந்த அறிவிப்பு வந்த அன்று நான் வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன்.

எப்படி இது முடிகிறது என்று தோண்டித் தோண்டிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பிரியம் கூடியது. போன் தயாரிக்கும்போதே, ‘இது ராம் குறைந்த கருவி’ என்று ஆண்ட்ராய்டுக்குள் ஒரு குறி வைக்கிறார்கள். அந்தக் குறியைப் பார்த்தவுடன் இயங்குதளம் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. தேவையற்ற அலங்கார அசைவுகள் குறைகின்றன. பின்னணியில் ஓட விரும்பும் செயலிகளுக்குக் கட்டுப்பாடு வருகிறது. ராம் நிறையும்போது, கண் முன்னால் இருக்கும் செயலியைக் காப்பாற்ற, மறந்துபோன செயலிகளை முதலில் மூடுகிறது. அடுத்தது இசட்ராம் என்ற ஏற்பாடு. இப்போது பயன்படாத தகவலை ராமுக்குள்ளேயே ஒரு மூலையில் சுருக்கி வைக்கிறது. தேவைப்படும்போது விரித்துக் கொடுக்கிறது. சேமிப்பிடத்துக்குத் தூக்கிப் போட்டுத் திரும்ப எடுத்தால் ஆகும் நேரத்தோடு பார்த்தால் இது எத்தனையோ மடங்கு வேகம், மலிவுப் போனின் சேமிப்புச் சில்லும் சீக்கிரம் தேயாது. இசட்ராம் லினக்ஸ் உலகில் முன்பே இருந்ததுதான். அதை ஏழையின் போனில் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்த பெருமை கோவுடையது.

செயலிகளையும் சேர்த்துத்தான் யோசித்தார்கள். கூகுள் கோ, மேப்ஸ் கோ, ஜிமெயில் கோ, யூடியூப் கோ என்று ஒவ்வொன்றுக்கும் மெலிந்த உருவம். அவற்றில் ஃபைல்ஸ் என்ற செயலியை நான் கொண்டாடாத நாள் இல்லை. ஒரே படத்தின் நகல்கள், பெரிய வீடியோக்கள், தொடாத செயலிகள் என்று பட்டியல் போட்டு, ‘இதை அழிக்கலாமா?’ என்று மரியாதையாகக் கேட்கும். காலை வணக்கப் படங்களின் மலைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. 2019இல் வந்த கேலரி கோ வெறும் 10 எம்பி. அந்த 10 எம்பிக்குள் முகம் பார்த்துப் படங்களைப் பிரித்து அடுக்கவும் தெரியும், இணையம் இல்லாமலேயே வேலை செய்யும். பத்தே எம்பி! ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரியது.

கோவிட் காலம் இதற்கெல்லாம் பரீட்சை வைத்தது. பள்ளிகள் மூடி, வீட்டிலிருந்தே கற்றல் என்று ஆனபோது, தோட்டப்புற வீடுகளில் ஒரு போனைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்த காட்சியை இந்த வட்டாரத்தில் பார்க்காதவர் யார்? ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பிள்ளைகள் எழுதிப் படம் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய கனத்த போன்கள் இந்தப் படப் போக்குவரத்தில் மூச்சுத் திணறின. எங்கள் குடும்பத்து நோக்கியா 1ஐ மாலையில் ஒருமுறை ஃபைல்ஸால் துடைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபடியும் தயார். நேரலை வகுப்புக்கு அது திணறியது உண்மை. 1 ஜிபியிடம் அதைக் கேட்பது அநியாயம். ஆனால் தாள் வந்தது, விடை போனது, பிள்ளை பின்தங்கவில்லை. கடைக்குள் நுழைய மைசெஜாத்ரா செயலியைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்ற நாட்களில், பசார் மாலாம் வாசலில் என் பின்னால் நின்றவர்களைக் காக்க வைக்காமல் அதைத் திறந்து காட்டியதும் அந்தக் குட்டிப் போன்தான்.

இப்போது பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இதைப் பேசாமல் இருக்க முடியாது.

போன் தொலைந்தால் அதில் உள்ளதை எடுத்தவன் படிக்கக்கூடாது. அதற்காகச் சேமிப்பிடம் முழுவதையும் மறைகுறியாக்கி வைக்க வேண்டும். விலை கூடிய போன்களின் சில்லில் இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. அதனால் ஏஇஎஸ் என்ற முறை அங்கே நோகாமல் ஓடும். கார்டெக்ஸ்-ஏ7 போன்ற மலிவுச் சில்லுகளில் அந்தக் கட்டளைகள் இல்லை. அங்கே ஏஇஎஸ் ஓடினால் போனே தள்ளாடும். எனவே பல காலம் அந்தப் போன்களுக்கு விதிவிலக்கு கொடுத்திருந்தார்கள். அதாவது காசு குறைந்தவனின் போன் தொலைந்தால் அவனுடைய ஐசி படம், வங்கிக் குறிப்பு, குடும்பப் படம் எல்லாம் திறந்த வீடு. 2019 பிப்ரவரியில் கூகுள் பொறியாளர்களான பால் குரோவ்லியும் எரிக் பிக்கர்ஸும் அதற்கு ஒரு விடை கொடுத்தார்கள். அதன் பெயர் அடியாண்டம். சாச்சா என்ற விரைவான மறைகுறி முறையை அடிப்படையாக வைத்து, மலிவுச் சில்லுக்கென்றே கட்டியது. கார்டெக்ஸ்-ஏ7இல் ஏஇஎஸ்ஸை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகம். அந்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வரும் எந்தப் போனுக்கும் விதிவிலக்கு கிடையாது, எல்லாமே மறைகுறியாக்கப்பட வேண்டும் என்று ஆனது. கெர்லிங் பஸ்ஸில் போனைத் தவறவிடும் கிழவிக்கும், கோலாலம்பூர் கோபுரத்தில் வேலை பார்க்கும் மேலாளருக்கும் ஒரே பூட்டு. இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது எனக்கு.

சரி, பெரியம்மாவிடம் வருகிறேன்.

பெரியம்மா பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது உதிரிப்பழம் பொறுக்கினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச வருஷம் படித்ததால் தமிழைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார். மலாய் பேசுவார், ஆனால் எழுத்து ஓடாது. அவருக்கு நான் ரெட்மி ஏ1 வாங்கிக் கொடுத்தேன். 2022இல் வந்த போன். ஆறரை அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு, 5000 எம்ஏஎச் பேட்டரி. உள்ளே ஆண்ட்ராய்டு 12 கோ. அந்தப் பதிப்பில் செயலிகள் திறப்பது 30 விழுக்காடு வரை வேகம் கூடியது என்று கூகுள் சொன்னது. பல நாள் தொடாத செயலிகளைத் தானே உறங்க வைத்துவிடும். பெரியம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "இது நல்லா ஓடுதுலா. தொட்ட உடனே வருது."

வேகத்தை விட எனக்குக் கண் கலங்கியது வேறொன்றில். ஆண்ட்ராய்டு 12 கோவில், அண்மையில் திறந்த செயலிகளின் வரிசைக்குப் போனால் கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும். இன்னொன்றைத் தொட்டால் நாம் விரும்பும் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். யாரோ மலாயில் அனுப்பிய அறிவிப்பைத் திறந்து, அந்தப் பொத்தானைத் தொட்டு, தமிழில் பெரியம்மா படித்ததைப் பார்த்தேன். கூகுள் கோவில் இன்னும் ஒரு படி மேலே. கேமராவைத் தாளின் மேல் காட்டினால் அச்சில் உள்ளதைப் படித்து, மொழிமாற்றி, குரலில் சொல்லும். 2019இல் அந்த வசதியைச் சேர்த்தபோது செயலியின் எடை கூடியது 100 கேபியை ஒட்டித்தான் என்று அறிவித்தார்கள். கரண்ட் பில், ஊழியர் சேம நிதிக் கடிதம், மருத்துவமனை அடுத்த தேதி எழுதிக் கொடுத்த அச்சுத் தாள் என்று பெரியம்மா இப்போது எல்லாவற்றின் மேலும் போனைப் பிடிக்கிறார். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கோணலாக வரும். தேதியும் தொகையும் புரிந்துவிடும். முன்பு ஒரு கடிதம் வந்தால் என்னையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ தேடிப் போவார். இப்போது கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை எனக்கு அவர் போன் பண்ணிச் சொல்கிறார்.

எழுத வேண்டியதும் இல்லை. விசைப்பலகையில் ஒலிவாங்கியைத் தொட்டுப் பேசினால் தமிழ் எழுத்தாகிவிடும். 2017 ஆகஸ்டில்தான் கூகுள் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. பெரியம்மா அதில் எங்கள் தோட்டத்துத் தமிழிலேயே பேசுகிறார். ‘பேரனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா’ என்று அவர் சொன்னது அப்படியே எழுத்தில் விழுந்து, ஜொகூரில் இருக்கும் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பேரப்பிள்ளைகள் வந்தால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும். அதற்கும் வழி இருக்கிறது. பூட்டுத் திரையிலிருந்தே விருந்தினர் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுக்கலாம். பிள்ளைகள் அதில் விளையாடுவார்கள், பாட்டியின் வாட்ஸ்அப்பும் படங்களும் தொடப்படாமல் இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்ற வாழ்க்கையை அறிந்த யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும். செயலி ஒன்றை டேட்டா செலவில்லாமல் பக்கத்துப் போனிலிருந்து வாங்கிக்கொள்ளும் வசதியும் அதே பதிப்பில் உண்டு. டாப்-அப் முடிந்துபோன மாதக் கடைசியில் அதன் அருமை தெரியும்.

போனில் தமிழ் என்று பேச்சு வந்தால் மலேசியத் தமிழனாக எனக்கு மார்பு விரியும். இன்று ஆண்ட்ராய்டின் பட்டியலில் தமிழ் இருப்பது இயல்பாகத் தெரிகிறது. அமைப்புகள் முழுவதும் தமிழில் வந்தது 2014இல் ஆண்ட்ராய்டு 5இல்தான். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 2005 பொங்கலுக்கு, நம் முத்து நெடுமாறன் செல்லினம் என்ற செயலியைக் கொண்டுவந்துவிட்டார். பொத்தான் வைத்த சின்னப் போன்களின் காலம் அது. ராம், சில்லு எல்லாவற்றிலும் வறுமை. அந்த வறுமைக்குள் தமிழில் குறுஞ்செய்தி எழுத வைத்தார். கணினிக்கு முரசு அஞ்சலைத் தந்தவரும் அவரே. குறைந்த கருவிக்குள் தமிழனுக்கு நிறைந்த வசதி என்ற எண்ணத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். மென்பொருள் எழுத ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லித் தாருங்கள்.

மெலிந்த இயங்குதளங்களில் கோ மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் இன்னும் ஏழ்மையான கருவியில் ஓடியது. 2014இல் இந்தியாவில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற போன் 1,999 ரூபாய்க்கு வந்தது, அதில் ராம் 128 எம்பிதான்! அது நிலைக்கவில்லை. அதன் விதையிலிருந்து முளைத்ததுதான் கைஓஎஸ். 2017இல் ஜியோபோன் அதைச் சுமந்துகொண்டு இந்தியக் கிராமங்களுக்குப் போனது. பொத்தான் போனில் யூடியூப் பார்த்த கோடிக்கணக்கான மக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட தளம் அது. வணக்கம் வைக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் டச் அண்ட் கோ பணப்பை வேண்டும், வங்கிச் செயலி வேண்டும், அரசாங்கச் செயலிகள் வேண்டும். மலிவுப் போனில் அவையெல்லாம் கிடைப்பது ஆண்ட்ராய்டில்தான். கோவின் வெற்றி அங்கேதான் இருக்கிறது. உடம்பு மெலிந்தாலும் அது முழு ஆண்ட்ராய்டு. பிளே ஸ்டோரில் உள்ளதை இறக்கிக்கொள்ளலாம். 2022இல் உலகம் முழுக்க 25 கோடிக் கருவிகள் மாதந்தோறும் கோவில் ஓடுவதாகக் கூகுள் அறிவித்தது. அந்தக் கணக்கில் எங்கள் லயத்துப் போன்களும் அடக்கம்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. யூடியூப் கோவை 2022 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். பெரிய யூடியூபே இப்போது மலிவுப் போனில் நன்றாக ஓடுகிறது என்பது காரணம். இருக்கலாம். ஆனால் ஒரு வீடியோவைத் தொட்டவுடன் ‘இந்தத் தரத்தில் பார்த்தால் இத்தனை எம்பி ஆகும்’ என்று முன்கூட்டியே சொல்லிய செயலி வேறு எது? பார்ப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று துண்டு துண்டாகக் காட்டும். காசை எண்ணி டாப்-அப் போடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை! அதைத் திரும்பக் கொண்டுவந்தால் நான் முதல் ஆளாக இறக்கிக்கொள்வேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1 ஜிபி காலம் முடிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 13 கோவிலிருந்து குறைந்தது 2 ஜிபி ராமும் 16 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். செயலிகள் பெருத்துக்கொண்டே போவதால் அது நியாயமான முடிவு. நம் நாட்டில் 2021 முடிவோடு 3ஜி சேவையையும் நிறுத்திவிட்டார்கள். எனவே பழைய 3ஜி போனைத் தூசு தட்டி அம்மாவுக்குக் கொடுப்பதில் பயனில்லை, வேகமான இணையம் அதில் வராது. கனமான விளையாட்டு விளையாடுகிறவர்களுக்கும், இருட்டில் துல்லியமாகப் படம் பிடிக்க வேண்டியவர்களுக்கும் கோ போன் பொருந்தாது. மற்றபடி பேச, பார்க்க, கேட்க, காசு கட்ட, கடிதம் படிக்க இதற்கு மேல் செலவழிக்கவே வேண்டியதில்லை.

அம்மாவுக்கோ அத்தைக்கோ போன் வாங்கப் போகிறீர்களா? பட்டணத்துக் கடையில் மினுக்கும் பழைய பெரிய போனைத் தேடாதீர்கள். விவரக் குறிப்பில் ‘கோ எடிஷன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2 ஜிபி ராம் கட்டாயம், 3 ஜிபி கிடைத்தால் இன்னும் நல்லது. சேமிப்பு 32 ஜிபிக்குக் குறையக் கூடாது. 4ஜி அவசியம். வாங்கியவுடன் அப்படியே கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், விசைப்பலகையில் தமிழ்க் குரலைத் திறந்து வையுங்கள், கூகுள் கோவில் கேமராவை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். ஒரு பழைய கரண்ட் பில்லை எடுத்துவைத்து அவர்களையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.